ஏழாம் அத்தியாயம்: தாமதங்களும் அவற்றைக் கையாளும் முறையும்

பழைய காரைப் புதுப்பிக்க ஆகும் காலத்தில் இரண்டு கூறுகள் உண்டு. மெக்கானிக், டிங்கர், பெயின்டர் ஆகியோரின் கை வண்டியின்மீது இருக்கும் காலம் ஒன்று; ஆவணம் வருவதற்காகவும், உதிரிபாகம் கிடைப்பதற்காகவும், லேத் பட்டறையில் முறை வருவதற்காகவும், மழை ஓய்வதற்காகவும் வண்டி அசையாமல் நிற்கும் காலம் மற்றொன்று. முதல் கூறு மாதக் கணக்கில் முடியக்கூடியது. ஆண்டுகளை விழுங்குவது இரண்டாவது கூறுதான். ஆட்களை அவசரப்படுத்துவதால் மிச்சமாகும் நாட்கள் குறைவு. ஒரு காத்திருப்பு முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் நிலையைத் தவிர்த்து, எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்படி வேலையின் வரிசையை அமைத்துக்கொண்டால் மிச்சமாகும் நாட்கள் மிகுதி. அந்த வரிசையை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

விளக்கத்துக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிரிட்டனில் 1959இல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவமான இந்தக் காரை, சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் வண்டலூரில் தயாரித்தது. 1968இல் நான்கு கதவுகள் கொண்ட மார்க் 3 வந்தது. 1972இல் அதன் இடத்தைக் கெஸல் பிடித்தது. உத்திரமேரூர் போன்ற சிற்றூரில், சென்னையின் உதிரிபாகக் கடைகளுக்குச் சுமார் 90 கி.மீ. தொலைவில் இருந்துகொண்டு இத்தகைய காரைப் புதுப்பிப்பவர் எதிர்கொள்ளும் நிலைமைகளே இங்குப் பேசப்படுகின்றன. அம்பாசிடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை மாறாது; உதிரிபாகம் கிடைக்கும் எளிமை மட்டுமே மாறும்.

ஆவணங்கள் முதலில்

வண்டியில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைச் சரிபார்க்க வேண்டும். தந்தை அல்லது பாட்டனார் பெயரில் பதிவாகி, அவர் மறைந்த பின்னும் பெயர் மாற்றப்படாமல் கொட்டகையில் நின்றுவிட்ட கார்களே கிராமப்புறத்தில் மிகுதி. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றக் கோர வேண்டும் என்பது விதி. பல ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் திரட்டுவதற்கே நீண்ட காலம் பிடிக்கும். உடன்பிறந்தோர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் கையெழுத்து வாங்குவது தனி வேலையாகிவிடும்.

பழைய ஆர்.சி. புத்தகத்தில் உள்ள முகவரியில் ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்று இருப்பதும் ஒரு சிக்கலே. காஞ்சிபுரம் 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று; 2019இல் அதிலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. முகவரியும் முதற்பதிவு நடந்த அலுவலகமும் இன்றைய எல்லைகளுடன் பொருந்தாமல் போவதால், பழைய பதிவேட்டில் உள்ள விவரத்தைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றும்படி விண்ணப்பிக்க நேரும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க உரிமையாளரால் செய்யக்கூடியது ஒன்றே: சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றின்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, அதைத் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுவது. துருவைச் சுரண்டும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ எண் மங்கிவிட்டால் அதன் பிறகு மெய்ப்பிப்பது கடினம்.

முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்தது. இதன்படி புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். இவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது ஒரு காலத்தில் அம்பாசிடர்களில் சாதாரணமாக நடந்த மாற்றம். அப்படிப்பட்ட வண்டியின் உரிமையாளர் இந்தப் பதிவுக்குத் தகுதி உண்டா என்பதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கழற்றுதல்

புதுப்பிக்கும் பணி பாதியில் நின்றுபோவதற்கு முதன்மையான காரணம், எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கழற்றிப் போட்டுவிடுவதாகும். கழற்றுவதற்கு வேண்டியது ஸ்பேனர் மட்டுமே. திரும்பப் பூட்டுவதற்கு உதிரிபாகம், நினைவு, பணம், ஆள் ஆகிய நான்கும் வேண்டும். ஆகவே முதல் கட்டத்தில் வண்டியைக் கழற்றாமல் ஆராய்ந்து, எது இல்லை, எது உடைந்திருக்கிறது, எது மாற்றப்பட்டிருக்கிறது என்று பட்டியலிட வேண்டும். அதன் பிறகு பிரேக், எஞ்சின், வயரிங், தகடு எனப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒரு பகுதியின் போல்ட்டுகளைத் தனித்தனி ஜிப் உறையில் இட்டு, எதிலிருந்து எடுத்தது என்று துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே போட வேண்டும். உறையின் வெளியே எழுதும் மார்க்கர் எழுத்து எண்ணெயும் மண்ணெண்ணெயும் பட்டால் அழிந்துவிடும். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுக்கும்போது, பக்கத்தில் உள்ள பாகங்களும் சேர்ந்து தெரியுமாறு எடுத்தால்தான் பின்னர் எந்த ஒயர் எதன் மேலே போயிற்று என்பது விளங்கும்.

இயன்றவரை வண்டி தன் நான்கு சக்கரங்களில் நின்று, இரண்டு பேர் தள்ளினால் நகரும் நிலையிலேயே இருக்க வேண்டும். நகராத வண்டி பட்டறையின் மூலைக்குப் போகும். மூலைக்குப் போனதன்மீது அவசர வேலைகளின் சாமான்கள் ஏறும்.

உதிரிபாகங்கள்

ஹெரால்டு வைத்திருப்பவருக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டுக்கான உதிரிபாகங்களை இன்றும் தயாரித்து விற்கும் கடைகள் இருப்பது சாதகம். ஆனால் அங்கு 1961இலேயே 1147 சி.சி. எஞ்சின் வந்துவிட, இந்திய ஹெரால்டு 948 சி.சி. எஞ்சினிலேயே தொடர்ந்தது, ஆகவே அயல்நாட்டுப் பட்டியலில் ‘ஹெரால்டு’ என்று மட்டும் பார்த்து வரவழைத்தால் பொருந்தாத பாகம் வந்து சேரும். மேலும் மார்க் 3இன் நான்கு கதவு பாடி இந்தியாவுக்கே உரியது; அதன் பின்கதவு, கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி நீர் புகாமல் காக்கும் ரப்பர் பீடிங் ஆகியவற்றை இங்கேயே தேட வேண்டும். சுருங்கச் சொன்னால், எஞ்சின் பாகம் வெளிநாட்டிலிருந்து வரலாம், பாடிப் பாகம் வராது. வெளிநாட்டுப் பொருளுக்குச் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் சேரும் என்பதால், ஒவ்வொன்றாக வரவழைப்பதைவிடப் பட்டியலை முழுமையாக்கி ஒரே பொதியாக வாங்குவதே காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

உள்நாட்டில் தேடுவதற்குச் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் முதன்மையான இடங்கள். ஜி.பி. ரோடு என்று அழைக்கப்படும் முன்னதில் புதிய உதிரிபாகங்களும் துணைப்பொருட்களும், பின்னதில் உடைக்கப்பட்ட வண்டிகளின் பழைய பாகங்களும் கிடைக்கும். இரு இடங்களிலும் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடக் கழற்றிய பழைய பாகத்தைச் சாம்பிளாகக் கையில் கொண்டுபோவதே பயன் தரும். ஏனெனில் ஒரே வீல் சிலிண்டர், ஒரே பாயின்ட் செட், ஒரே பேரிங் பல வண்டிகளில் பயன்பட்டிருக்கலாம். அக்காலத்துப் பாகங்கள் பலவற்றைச் சென்னைச் சுற்றுவட்டார நிறுவனங்களே தயாரித்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா ஆகியவை அவற்றுள் சில. பழைய பாகத்தின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் எண்ணையும் துடைத்துக் குறித்துக்கொண்டால் தேடல் பாதியாகக் குறையும். இந்தக் காரணத்தாலேயே, புதிய பாகம் பொருந்திச் சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை எந்தப் பழைய பாகத்தையும் காயலாங்கடைக்குப் போடக் கூடாது.

எஞ்சின் வேலையின் வரிசை

தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவதற்கு ரீபோர் என்று பெயர். 948 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ. ஓவர்சைஸ் எனப்படும் பெரிய பிஸ்டன்கள் பொதுவாக 10, 20, 30, 40 ‘தௌ’ என்ற படிகளில் வரும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தௌ என்றால் 0.508 மி.மீ.; அதாவது சிலிண்டர் ஏறக்குறைய 63.5 மி.மீ. ஆகக் கடையப்படும்.

இங்குதான் மிக அதிகமாக நடக்கும் வரிசைப் பிழை நேர்கிறது. பிளாக்கைக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ கொண்டுபோய், ‘30இல் சுத்தமாகிவிடும்’ என்று கேட்டு உடனே கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடும்போது, சந்தையில் 20உம் 40உம் இருந்து 30 மட்டும் இல்லாமல் போகலாம். 20க்குத் திரும்ப வழியில்லை. 40க்கு மறுபடியும் கடைந்தால் அந்தச் சிலிண்டரில் இனி எடுப்பதற்கு உலோகம் மிஞ்சாது, அடுத்த முறை லைனர் எனப்படும் உட்குழாய் போட வேண்டி வரும். சரியான வரிசை இதுதான்: முதலில் பிளாக்கையும் ஹெட்டையும் கழுவி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்துச் சிலிண்டரின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில் குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்க வேண்டும், அந்த அளவுக்கு எந்தெந்தப் படி போதும் என்று தெரிந்ததும் பிஸ்டனைத் தேடி வாங்க வேண்டும், நான்கு பிஸ்டன்களையும் கையில் வைத்து அளந்த பிறகே கடையக் கொடுக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இதே விதிதான். அங்குப் பேரிங் கைக்கு வரும் வரை கிரைண்டிங் கூடாது.

லேத் பட்டறைகளில் கால அட்டவணை பயிரைப் பொறுத்தது. உழவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் டிராக்டர், அறுவடை இயந்திரம், மோட்டார் பம்ப் வேலைகளே முன்னுரிமை பெறும், அது நியாயமானதும்கூட. நின்றுபோன பம்பினால் ஒரு விவசாயியின் பயிர் காயும். கொட்டகையில் நிற்கும் ஹெரால்டினால் எதுவும் காயப் போவதில்லை. எனவே பிளாக், ஹெட், கிராங்க், ஃப்ளைவீல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே நடையாக, அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட ஓய்ந்த வாரங்களில் கொண்டுபோவது இரு தரப்புக்கும் வசதி.

மறைந்திருக்கும் துரு

டிங்கரிங் எனப்படும் தகட்டு வேலைக்குச் சொல்லப்படும் கால அளவு பெரும்பாலும் தவறிப்போகும். காரணம், பெயின்ட்டுக்கும் பட்டிக்கும் கீழே இருப்பது சுரண்டும் வரை தெரியாது. பட்டி என்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் கெட்டிக் கலவை. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மீது நகர்த்தினால், அது ஒட்டாத இடத்தில் கனமான பட்டி இருக்கிறது என்று அறியலாம். ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு, டிக்கித் தரை ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருப்பதும், பாடிப் பகுதிகள் போல்ட்டால் இணைக்கப்பட்டிருப்பதும், முன்பக்கம் முழுவதும் பானெட்டாகவே முன்னோக்கித் திறப்பதும் வேலையை எளிதாக்குகின்றன. ஆனால் போல்ட் இணைப்பு என்பதாலேயே கதவும் பானெட்டும் ஒன்றோடொன்று நேர்க்கோட்டில் நிற்பதற்கு இடையில் வைக்கும் தகட்டுத் துண்டுகளின் கணக்கு முக்கியமாகிறது.

ஆகவே பெயின்ட்டுக்கு முன் ஒத்திகைப் பூட்டல் கட்டாயம். கதவு, பானெட், டிக்கி, கண்ணாடி, பீடிங், பூட்டு ஆகிய அனைத்தையும் பிரைமர் மட்டும் பூசிய நிலையில் ஒரு முறை முழுமையாகப் பூட்டி, திறந்து மூடி, இடைவெளிகளைச் சரிசெய்து, பிறகு கழற்றிப் பெயின்ட்டுக்கு அனுப்ப வேண்டும். இதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும். பெயின்ட் அடித்த பிறகு கதவு உரசுவதைக் கண்டு மறுபடியும் தட்டிப் பூசுவதற்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

பெயின்ட்டும் பருவமும்

ஈரப்பதம் மிகுந்த நாளில் என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் அடித்தால் அதில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகித் தகட்டின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அங்குப் படிந்து பூச்சு வெண்மையாக மங்கிப்போகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்கு முந்தைய மாதங்களிலும் மாலை மழை உண்டு. மூடிய பெயின்ட் அறை இல்லாத கிராமப்புறப் பட்டறையில் பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்ற காலம். கடும் வெயிலில் பெயின்ட் தகட்டைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் காலை வேளையிலேயே அடித்து முடிக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் லாரி, வேன், டிராக்டர் எல்லாம் பெயின்ட்டுக்கு வந்து நிற்கும். அப்போது பழைய காரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

பெயின்ட்டுக்கான மாதம் மாறாதது என்பதால் மற்ற வேலைகளை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பிப்ரவரியில் பெயின்ட் என்றால் ஒத்திகைப் பூட்டல் ஜனவரியில் முடிய வேண்டும்; தகட்டு வேலை மழைக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும்; பீடிங்கும் கண்ணாடியும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மழைக் காலத்தில் வெறும் தகடு சில நாட்களிலேயே துருப்பிடிக்கும். அன்றைக்குப் பிரைமர் பூச முடிந்த அளவுக்கு மேல் எந்த நாளிலும் சுரண்டக் கூடாது.

ஆட்களும் கணக்கும்

உரிமையாளருக்கும் பட்டறைக்காரருக்கும் இடையே மனக்கசப்பு உண்டாவது, ‘மொத்த வேலைக்கு இவ்வளவு’ என்று பேசிப் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிடும்போதுதான். பட்டறைக்காரரைக் குறை சொல்வதிலும் பொருளில்லை. வாங்கிய முன்பணம் செலவான பிறகு, நாளன்றைக்குக் கூலி தரும் வேலை வந்து நின்றால் அவர் அதைத்தான் எடுப்பார். வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறு முடிந்ததும் அதற்குரிய பணத்தைத் தாமதமின்றிக் கொடுத்து, அடுத்த கூறுக்கு வேண்டிய பொருட்களை முன்கூட்டியே பட்டறையில் சேர்த்துவிட்டால் வேலை நகரும். பொருள் இல்லாமல் ஆளை மட்டும் அவசரப்படுத்துவது வீண்.

குறிப்பேடு ஒன்றில் ‘வேலை’, ‘காத்திருப்பு’ என இரண்டு பத்திகள் போட்டு, வண்டி எந்த நாளில் எதற்காக நின்றது என்று எழுதி வருவது மிகவும் பயனுள்ளது. சில மாதங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்; அதைச் சரிசெய்தாலே போதும். வேலையின் நடுவே ‘இதையும் மாற்றிவிடலாமே’ என்று சேர்க்கப்படும் புதிய வேலைகளும் இந்தக் குறிப்பேட்டில் வெளிப்படும். அவை உரிமையாளரே உண்டாக்கிக்கொள்ளும் தாமதங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது உண்மையே. ஆனால் விரிந்துகொண்டே போகும் காரியம் முடியாது என்பதும் உண்மை.

நிற்கும் வண்டியைக் காத்தல்

தாமதம் நேரத்தை மட்டும் எடுப்பதில்லை, செய்து முடித்த வேலையையும் கெடுக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி ஆயில் நிரப்பி நெடுநாள் நிறுத்திவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். ஆகவே பிரேக் வேலையைக் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். இன்று பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அது தொட்டியில் ஈரத்தைச் சேர்ப்பதோடு பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் எனப்படும் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றும் வரை தொட்டியைக் காலியாக வைத்திருப்பது நல்லது. பூட்டி முடித்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, சில வாரங்களுக்கு ஒரு முறை கையால் சுற்றிவிட வேண்டும்.

கொட்டகையின் மண் தரையிலிருந்து எழும் ஈரம் சேஸிஸைத் தாக்காமலிருக்கக் கனமான பாலித்தீன் விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்த வேண்டும். அதே கொட்டகையில் வைக்கோலோ நெல் மூட்டையோ வைக்கக் கூடாது. அவற்றைத் தேடி வரும் எலி, புதிதாகப் போட்ட வயரிங்கையும் சீட்டின் பஞ்சையும் கடித்துவிடும். மீண்டும் வயரிங் போடுவது முதல் முறையைவிட அதிக நாள் பிடிக்கும், ஏனெனில் இம்முறை எல்லாம் பூட்டிய வண்டிக்குள் கைவிட்டு வேலை செய்ய வேண்டும்.

நாள் குறித்தல்

வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காரையே ஓட்ட வேண்டும், அல்லது சென்னையில் நடக்கும் பழைய கார் பேரணியில் சேர வேண்டும் என்று முன்கூட்டியே நாள் குறிப்பது வழக்கமாக இருக்கிறது. அந்த நாளை எட்டுவதற்காக ஈரம் காயாத பட்டியின்மீது பெயின்ட்டும், சோதிக்காத பிரேக்கின்மீது நம்பிக்கையும் வைக்கப்படுகின்றன. விழா முடிந்ததும் இரண்டையும் மீண்டும் செய்ய நேர்கிறது. நான்கு நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே நாள் குறிக்க வேண்டும்: ஆர்.சி. உரிமையாளர் பெயரில் இருத்தல், காப்பீடு நடப்பில் இருத்தல், வண்டி சூடேறாமல் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய்த் திரும்புதல், அதன் மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஆயிலோ தண்ணீரோ சொட்டியிராமல் இருத்தல். முதல் ஓட்டத்தில் சிறு கோளாறுகள் வரிசையாக வெளிப்படுவது இயல்பு. அவற்றைச் சரிசெய்வதற்கென ஒரு மாதத்தைத் தனியே ஒதுக்க வேண்டும்.

இந்த நான்கில் முதலாவது நிறைவேற வழியே இல்லை என்று தெரியவந்தால், அல்லது சேஸிஸின் நீளச் சட்டங்களே அரித்துப்போயிருந்தால், முழுப் புதுப்பிப்பைக் கைவிடுவதில் தவறில்லை. வண்டியைத் துருவிலிருந்து காத்து இருந்தபடியே வைத்திருக்கலாம். அதே மாடலைப் புதுப்பிக்கும் வேறொருவருக்கு விற்றும் விடலாம். மார்க் 3இன் பின்கதவுக்காக ஆண்டுக்கணக்கில் தேடும் ஒருவருக்கு அந்த வண்டி கிடைத்தால், அவருடைய பட்டியலில் மிக நீண்ட காத்திருப்பு ஒன்று அத்துடன் தீரும்.